கங்காணிக்கு ஒரு பொன்னாடை

செயலிக் கம்பெனியின் நகர மேலாளர் அவர்களே, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். இந்த ஊரில் வட்டச் செயலாளருக்குப் பொன்னாடை உண்டு. வாஸ்து நிபுணருக்கு உண்டு. முப்பது வருடம் கோப்பின் மேல் தலைவைத்துத் தூங்கி ஓய்வு பெற்றவருக்கும் உண்டு. உங்களுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு கதர்த் துண்டுகூடப் போர்த்தவில்லை. வயது முப்பதைத் தாண்டவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, ஓ.எம்.ஆரில் கண்ணாடி மாளிகை, மேசையில் இரண்டு திரை. திரையின் ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணை நீங்கள் மாற்றினால், அன்றைக்கே வியாசர்பாடியிலும் பல்லாவரத்திலும் எத்தனையோ வீடுகளில் பால் பாக்கெட் ஒன்று குறைகிறது. இவ்வளவு அதிகாரம் படைத்தவரின் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் அது நம் விழா மரபுக்கே இழுக்கு.

வாழ்த்துமடல் என்றால் குலப்பெருமையில் தொடங்க வேண்டும். உங்கள் குலத்தின் பூர்விகம் சான்பிரான்சிஸ்கோ. 2009இல் அங்கே ஊபர் பிறந்தது. 2013இல் பெங்களூரில் வந்து இறங்கியது. ஓலா 2010லேயே இங்கே முளைத்துவிட்டது. பிறகு சோற்றுக்கு ஒரு செயலி, மளிகைக்கு ஒன்று, குழாய் ரிப்பேருக்கு ஒன்று. இவற்றைத் தளங்கள் என்கிறார்கள். ஓடும் கார் இவர்களுடையது அல்ல, சமைக்கும் அடுப்பு இவர்களுடையது அல்ல. ஓட்டுகிறவரும் எங்கள் ஆள் அல்ல என்று கோர்ட்டில் சத்தியம் செய்வார்கள். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது செயலியும் நீங்களும்தான். ஆக, தளத்தை வளர்த்தவர் நீங்கள். ஆனால் யார் கேட்டாலும், “நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் அல்காரிதம் பார்த்துக்கொள்கிறது” என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள். எத்தனை தன்னடக்கம்! உங்கள் சாதனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அந்தத் தன்னடக்கத்தைக் கலைப்பதுதான் இன்றைய நிகழ்ச்சி.

முதலில் உங்கள் கொடை. முல்லைக்குப் பாரி கொடுத்தது சொந்தத் தேர். நீங்கள் சென்னைக்குக் கொடுத்தது அடுத்தவர் காசில் தேர். 2015, 16 வாக்கில் முதல் சவாரி இலவசம், அடுத்த சவாரிக்குப் பாதி விலை, ஏசி காரில் போனால் ஆட்டோவைவிட மலிவு என்று ஊரே திளைத்தது. எங்கிருந்து வந்தது இந்தக் காசு? மசயோஷி சன்னின் சாஃப்ட்பேங்க் 2014இல் ஓலாவில் பணம் போட்டது. 2018இல் ஊபரிலும் போட்டது. சேவல் சண்டையில் இரண்டு சேவலும் ஒரே ஆளுடையது என்றால் தோற்பது யார் என்று கேட்க வேண்டாம். வேடிக்கை பார்க்க வந்தவன்தான். சவுதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம் 2016இல் ஊபருக்கு 350 கோடி டாலர் கொடுத்தது. மாம்பலத்து மாமி நங்கநல்லூர் கோயிலுக்கு அறுபது ரூபாயில் போய்வந்த புண்ணியத்தில் பாலைவனத்து எண்ணெய்க் கிணற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

அரசையும் இங்கே பாராட்டாமல் விடக்கூடாது. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் வைத்தது. வைத்ததோடு சரி. பெட்ரோல் ஏறியது, அரிசி ஏறியது, அந்த எண்ணைப் பத்து வருடத்துக்கு மேல் யாரும் தொடவே இல்லை. நீங்களோ அதே சாலையில், அதே மழையில், பத்து நிமிடத்துக்கு ஒரு விலை வைத்தீர்கள். மாற்றவே மாட்டேன் என்ற கோட்டைக்கும் மாற்றிக்கொண்டே இருந்த கண்ணாடி மாளிகைக்கும் நடுவில் ஆட்டோக்காரர் மாட்டிக்கொண்டார். அவரை நாமும் சேர்ந்து “அடாவடி” என்று திட்டிவிட்டு, உங்கள் செயலியைத் திறந்து, மழைநேரக் கட்டணத்தை வாயைப் பொத்திக்கொண்டு கட்டினோம்.

பயணிக்குக் கொடுத்ததுபோல ஓட்டுநருக்கும் கொடுத்தீர்கள். மாதம் லட்சம் ரூபாய் பார்க்கலாம் என்று தெருத்தெருவாய்ச் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி நிலத்தை விற்றும், நகையை அடகு வைத்தும், மிச்சத்துக்குக் கடன் வாங்கியும் கார் எடுத்தவர்கள் உண்டு. ஓட்டுநர் எண்ணிக்கை நிறைந்ததும் இன்சென்டிவ் இளைத்தது. 2017 பிப்ரவரியில் டெல்லியில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். வருமானம் பாதியானாலும் தவணை பாதியாகாது என்பதைத்தான் அவர்கள் சொல்ல வந்தார்கள். இதே ஆசைவார்த்தைக்கு அமெரிக்காவில் ஒரு விலை இருந்தது. நியூயார்க் ஓட்டுநர்களின் வருமானம் 90,000 டாலருக்கு மேல் என்று ஊபர் விளம்பரம் செய்ய, உண்மையில் அது 61,000 அளவில்தான் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்தது. 2017 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட ஊபர் ஒப்புக்கொண்டது. அங்கே பொய்க்கு அபராதம். இங்கே அதே பேச்சுக்கு ஒரு மாலை, ஒரு பதவி உயர்வு.

இந்தக் கொடையால் உங்கள் கஜானா காலியாகவில்லையா? ஆயிற்று. 2019 என்ற ஒரே வருடத்தில் ஊபர் காட்டிய நஷ்டம் ஏறத்தாழ 850 கோடி டாலர். ஒரு முழு வருடக் கணக்கில் தொழிலிலிருந்து லாபம் என்று முதன்முதலாகச் சொன்னது 2023இல். நம்மூர் பெட்டிக்கடைக்காரர் மூன்று மாதம் நஷ்டம் காட்டினால் வங்கிக்காரர் வாசலில் நிற்பார். உங்கள் நஷ்டத்துக்கு முதலீட்டாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். காரணம் எளிது. எதிராளிக்கு மூச்சு நிற்கும்வரை தலையைத் தண்ணீருக்குள் பிடித்துவைக்க ஆகும் செலவு அது. பேபாலைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் தீல், போட்டி என்பது தோற்பவர்களுக்கானது என்று 2014இல் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். மற்ற முதலாளிகள் இதைக் கனவில்கூட முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

அடுத்து உங்கள் வீரம். 2022 ஜூலையில் ‘ஊபர் கோப்புகள்’ வெளிவந்தன. அந்த நிறுவனத்துக்காக அரசுகளிடம் தூது போன மார்க் மெக்கான் மனம் மாறிக் கொடுத்த 1,24,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள். அதில் நம் நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. 2014 ஆகஸ்டில் ஆசியப் பகுதித் தலைவர் இந்திய ஊழியர்களுக்கு எழுதினார்: அரசோடு சிக்கல் வந்துகொண்டேதான் இருக்கும், குழப்பத்தைக் கட்டித் தழுவிக்கொள்ளுங்கள், அது வந்தால் நாம் ஏதோ உருப்படியாகச் செய்கிறோம் என்று பொருள். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் கணினிகளைத் தலைமையகத்தின் தரவிலிருந்து துண்டிக்க ஒரு விசையே வைத்திருந்தார்கள். அதை இழுத்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. பாரிசில் டாக்சிக்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது, நம் ஓட்டுநர்களைத் தெருவில் இறக்கினால் அடி விழுமே என்று சகாக்கள் தயங்கினார்கள். வன்முறை நடந்தால் வெற்றி உறுதி என்ற பொருளில் நிறுவனர் டிராவிஸ் கலானிக் பதில் அனுப்பியதாக அந்தக் கோப்புகள் காட்டின. அவர் தரப்பு அதை மறுத்தது.

குழப்பத்தைத் தழுவச் சொன்ன நான்காம் மாதம், 2014 டிசம்பரில், டெல்லியில் ஊபர் காரில் ஏறிய ஓர் இளம்பெண்ணை ஓட்டுநரே பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினான். ஓட்டுநரின் முன்கதையைச் சரிபார்ப்பது வளர்ச்சியின் வேகத்தைக் குறைக்கும் வேலை அல்லவா? அதன்பிறகு நடந்ததுதான் கொடுமை. நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் அந்தப் பெண்ணின் மருத்துவ ஆவணத்தைக் கைப்பற்றி வைத்திருந்தார் என்ற செய்தி 2017இல் வெளியே வந்தது. குற்றவாளியைச் சரிபார்க்க நேரம் இல்லாதவர்களுக்குப் பாதிக்கப்பட்டவளைச் சரிபார்க்க நேரம் இருந்தது. இந்த இடத்தில் பொன்னாடையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச முடிகிறது. வளர்ச்சி, வளர்ச்சி என்று நீங்கள் காட்டும் வரைபடத்தில் மேலே ஏறும் அந்தக் கோடு இப்படிப்பட்ட உடம்புகள் மேல் ஏறித்தான் போயிருக்கிறது.

சரி, விழா நடக்கட்டும். உங்கள் அன்பைச் சொல்லாமல் விட்டால் மடல் நிறையாது. ஊபரின் உள்ளூர் மேலாளர்கள் சிலர் ஓட்டுநர்களுக்குப் பெண் பெயரில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள் என்று 2017 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண் கூப்பிட்டால் வண்டியைக் கிளப்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டதால் இந்த ஏற்பாடு. ‘லாரா’ என்று ஒரு பெயர். தாடி வைத்த மேலாளர் லாராவாக மாறி, “கச்சேரி முடியப்போகிறது, கூட்டம் வெளியே வரும், சீக்கிரம் வாருங்கள்” என்கிற தோரணையில் எழுதுவார். நம் தெருக்கூத்திலும் ஆண்கள்தான் பாஞ்சாலி கட்டுவார்கள். ஆனால் அது வேடம் என்று பார்ப்பவனுக்குத் தெரியும், விடிந்தால் அரிதாரம் கலையும். உங்கள் லாராவுக்கு விடியலே கிடையாது. வீட்டுக்குப் போகலாம் என்று ஓட்டுநர் செயலியை அணைக்கப் போனால், இன்னும் கொஞ்சம் டாலர்தான் பாக்கி, இலக்கைத் தொட்டுவிடலாம், நிஜமாகவே நிறுத்தவேண்டுமா என்று திரை கெஞ்சும்.

இங்கே அந்தக் கெஞ்சலுக்கு இன்சென்டிவ் என்று பெயர். பதினெட்டு ஆர்டர் அடித்துவிட்டு, இருபதாவதுக்காக ராத்திரி பதினோரு மணிக்கு மூடிய பிரியாணிக்கடை வாசலில் வண்டிமேல் சாய்ந்து கிடக்கும் பையனைக் கேளுங்கள். “காலையிலேர்ந்து மடமடன்னு வந்துச்சுண்ணா, பதினெட்டுக்கு மேல வரவே மாட்டேங்குது” என்பான். அவனுக்கு மட்டும் தினமும் அப்படியே வாய்க்கிறது. மாயம்!

ஓட்டுநரைப் பார்த்துக்கொள்ள மேஸ்திரி வைக்கவேண்டும் அல்லவா? அதற்கும் சம்பளம் கொடுக்காமல் வழி கண்டீர்கள். எங்களை மேஸ்திரி ஆக்கினீர்கள். வடபழனி பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மூன்றாவது மாடி ஏறி நிற்பவனுக்கு நான்கு நட்சத்திரமா, மூன்றா என்று சோபாவில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு எழுதும் வேலை. சாம்பார் சிந்தியது ஓட்டல் மூடியின் குற்றம். ரேட்டிங் போனது அவனுடையது. இந்த வேலையை நாம் எவ்வளவு ஆசையாய்ச் செய்கிறோம்! அலுவலகத்தில் யாரையும் ஒரு வார்த்தை அதட்ட முடியாதவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கூலியாளை உள்ளங்கையில் கொடுத்தீர்களே, அந்த உபகாரம் மறக்கக்கூடியதா?

கொடுத்தது போதும், இனி வாங்கலாம் என்று உங்களுக்கு ஒருநாள் தோன்றியது. 2023இல் ஸ்விக்கியும் சொமாட்டோவும் பில்லின் அடியில் தளக் கட்டணம் என்று ஒரு வரி சேர்த்தன. வெறும் 2 ரூபாய். ஆளில்லாத வரி, யார் சண்டைக்கு வருவார்கள்? நாளொன்றுக்கு 20 லட்சம் ஆர்டர் என்று வைத்துக்கொண்டால் 40 லட்சம் ரூபாய், ஒரு சட்டி கழுவாமல், ஒரு லிட்டர் பெட்ரோல் போடாமல். யாரும் கத்தவில்லை. அதனால் 3 ஆயிற்று, 4 ஆயிற்று, 5, 6, 10 ஆயிற்று. 2025 செப்டம்பரில் சொமாட்டோவில் அது 12 ரூபாய், வரி தனி. இரண்டு வருடத்தில் ஆறு மடங்கு. கொண்டுவந்து கொடுப்பவனின் கூலியும் ஆறு மடங்காயிற்றா என்று கேட்டால் நாகரிகமில்லாத கேள்வி.

ஓட்டல்காரரிடம் எடுப்பது தனிக்கதை. கமிஷன் ஒருபக்கம், பட்டியலில் பெயர் மேலே வர விளம்பரக் காசு ஒருபக்கம், அவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் அறிவிக்கும் தள்ளுபடி ஒருபக்கம். கடைசியில் நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள், 2025 ஜூலை 1 முதல் இந்த ஆர்டர்களே வேண்டாம் என்று அறிவித்தார்கள். முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன ஊர் அது. போக்குவரத்துக் கணக்கு அங்கே யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ராபிடோவின் கதையைக் கேட்டால் கல்லும் சிரிக்கும். ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் தருவோம் என்று ஏறக்குறைய ஒன்றரை வருடம் 120க்கும் மேற்பட்ட நகரங்களில் விளம்பரம். ஆட்டோ வராதவர்களுக்குக் கிடைத்தது ரூபாய் அல்ல, ராபிடோ நாணயம். அதுவும் ‘50 வரை’. அதை வைத்து ஆட்டோவில்கூடப் போக முடியாது, பைக்கில்தான் போகலாம். அதுவும் ஏழு நாளுக்குள். 2025 ஆகஸ்டில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பத்து லட்சம்! விளம்பரப் படத்தில் நடித்தவருக்கு வாங்கிக் கொடுத்த இளநீர்ச் செலவுகூட அதைவிடக் கூடுதலாக இருக்கும். பெரிய அண்ணன் அமேசான் இதையெல்லாம் காவியத் தரத்தில் செய்தது. பிரைம் சந்தாவை விட்டு விலகும் வழியை வேண்டுமென்றே நீட்டி முறுக்கி, அந்த வழிக்கு அலுவலகத்துக்குள் ‘இலியட்’ என்று கிரேக்கக் காவியத்தின் பெயரையே வைத்திருந்ததாக அமெரிக்க ஆணையம் குற்றம்சாட்டியது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது.

இப்போது முக்கியமான விருதுக்கு வருவோம். 2020 ஆகஸ்ட். ஊரடங்கு, வெளியே வந்தால் தொற்று. சென்னையில் மற்ற எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது பையைத் தோளில் மாட்டித் தெருவில் இருந்தவர்கள் உணவு கொண்டுவந்தவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் மார்ச்சில் தட்டு தட்டியிருந்தோம். அந்த ஆகஸ்டில் ஸ்விக்கி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாயாக இருந்தது 15 ஆகிவிட்டது என்பது அவர்கள் புகார். சராசரியாக அதைவிட அதிகமே கொடுக்கிறோம் என்றது நிறுவனம். மூன்று வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், டெல்லி வட்டாரத்தில் மளிகை கொண்டுவரும் பிளிங்கிட் ஆட்கள் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே 25 ரூபாய் 15 ஆகியிருந்தது, தூரத்துக்குத் தனிக் கணக்கு என்ற விளக்கத்தோடு. இரண்டு ஊர், இரண்டு கம்பெனி. இறங்கி நின்ற எண் மட்டும் ஒன்று.

ஒரு நிமிடம். அந்த 15ஐ யார் எழுதினார்கள்? அல்காரிதம் என்று சொல்லாதீர்கள். அல்காரிதத்துக்கு வாடகை கிடையாது, பள்ளிக்கட்டணம் கிடையாது, ஆண்டிறுதியில் போனஸ் கிடையாது. 35ஐக் குறைத்தால் எத்தனை பேர் விலகுவார்கள், எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்கள் என்று யாரோ ஒரு மனிதர் எக்செல் தாளில் கணக்குப் பார்த்தார். யாரோ ஒருவர் கூட்டத்தில் காப்பி குடித்துக்கொண்டு “ஓகே” சொன்னார். மறுநாள் காலை செயலியைத் திறந்தவனுக்குப் புது ரேட் தெரிந்தது. கேட்க ஆள் தெரியவில்லை. டீம் லீடரைக் கேட்டால் மேலிடம் என்பார். மேலிடத்தைக் கேட்டால் சிஸ்டம். சிஸ்டத்தைக் கேட்டால், “உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்” என்று பாட்டுப் போடும். விடாமல் கேட்டால் ஐடி பிளாக். ஒரு வேலைநீக்கக் கடிதம்கூடத் தராமல் ஒருவனை வேலையைவிட்டுத் தூக்கும் வித்தையை மில் முதலாளிகள் நூறு வருடம் முயன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பத்து நிமிடப் புரட்சியும் உங்கள் கைவண்ணம்தான். 2022 மார்ச்சில் சொமாட்டோ பத்து நிமிடத்தில் உணவு என்று அறிவித்தது. அதே வருடம் பிளிங்கிட்டையும் வாங்கியது. கொத்தமல்லிக்கட்டு பத்து நிமிடத்தில் வராவிட்டால் இந்த நாட்டில் எந்தக் குழந்தை சாகப்போகிறது? வேகமாக ஓட்டச் சொல்லவில்லை, கிடங்குதான் பக்கத்தில் இருக்கிறது என்று விளக்கம் சொன்னீர்கள். 2025 டிசம்பர் 31 அன்று நாடெங்கும் வேலைநிறுத்த அழைப்பு வந்தது. மறுநாள் சொமாட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல், அன்றைய டெலிவரி 75 லட்சத்தைத் தாண்டி சாதனை என்றும், இந்த ஏற்பாடு அடிப்படையிலேயே அநியாயமானது என்றால் இத்தனை பேர் தொடர்ந்து வந்து சேரமாட்டார்கள் என்றும் எழுதினார். இரண்டு வாரத்தில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் கூப்பிட்டுப் பேச, பிளிங்கிட்டின் விளம்பரத்திலிருந்து ‘பத்து நிமிடம்’ இறங்கியது.

அநியாயம் என்றால் ஆள் வருவானா? இந்த வாதம் தமிழனுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியும் இதையேதான் சொல்லியிருப்பான். பஞ்சத்தில் அடிபட்டவன் முன்பணம் வாங்கிக்கொண்டு தானாகத்தானே கப்பல் ஏறினான்? கடனைக் குறித்த துண்டுச்சீட்டு ஒன்று கூடவே போகும். அந்தத் தொகையைக் கட்டும் துரைக்கு ஆள் கைமாறுவான். அன்றன்று வேலைக்கு இறங்கிய தலையை எண்ணிக் கங்காணிக்குத் தனிக்காசு உண்டு. இன்றைக்கு எத்தனை பேர் லாகின் என்று நீங்கள் திரையில் பார்க்கிறீர்களே, அதே எண்ணிக்கைதான். துண்டு முறையை இலங்கை அரசு 1921இல் சட்டம் போட்டு ஒழித்தது. அதுவரை லயத்தில் இருந்தவன் விரும்பித்தான் இருந்தான் என்றே கணக்குப் புத்தகம் சொல்லும். ஒரேயொரு வேறுபாடு. கங்காணிக்கு ஒரு முகமும் பெயரும் இருந்தன; இன்னார்தான் நம்மை இழுத்துவந்தது என்று மண்ணை வாரித் தூற்ற ஓர் ஆள் இருந்தான். உங்களிடம் அதுவும் இல்லை.

உழைக்கிறவன் பணம் கொடுக்கவேண்டும் என்ற தத்துவத்தை உங்கள் துறை உச்சிக்கே கொண்டுபோனதையும் பதிவு செய்துவிடுகிறேன். 2024 நவம்பரில் அதே கோயல் தனக்கு ஒரு தலைமை உதவியாளர் தேவை என்று விளம்பரம் செய்தார். முதல் வருடம் சம்பளம் இல்லை. வேலையில் சேர்கிறவர் 20 லட்சம் ரூபாயை அறக்கொடையாகக் கட்டவேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. பிறகு, பணம் வாங்கும் எண்ணமே இல்லை, அது ஒரு வடிகட்டி மட்டும் என்றார். வடிகட்டியில் தங்கியது யார் என்பதுதான் சுவாரஸ்யம். பத்தாயிரம் பேர், கூலியில்லாமல் வேலை செய்யக் கட்டணம் செலுத்துவதை வாய்ப்பு என்று நம்பினார்கள். அவர்களில் ஒருவர்தான் நாளைக்கு 15ஐ 12 ஆக்கப்போகும் மேலாளர்.

உங்கள் செலவில் எதுவும் குறையக்கூடாது என்பதில் எங்கள் அரசுகளுக்கும் அக்கறை உண்டு. வெயிலில் காய்கிறவர்கள் கொஞ்சம் உட்கார அண்ணாநகரில் ஏசி அறை கட்டியது சென்னை மாநகராட்சி, எங்கள் வரிப்பணத்தில். மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது தமிழக பட்ஜெட். 2023 டிசம்பரில் நலவாரியமும் அமைத்தார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆள் உங்களுடையவன் இல்லை என்று நீங்கள் கைகழுவிய இடத்தில் தண்ணீர் ஊற்றியது யார் என்று பாருங்கள். ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, தூங்கி எழுந்து, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தளங்கள் தங்கள் வருட வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு கட்டவேண்டும். ஆனால் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டவேண்டியதில்லை. அதாவது கூலியைக் குறைத்தால் உச்சவரம்பும் சேர்ந்து குறையும். இந்த வரியை எழுதிய அதிகாரிக்கும் நாம் ஒரு பொன்னாடை கடன்பட்டிருக்கிறோம்.

2020-21இல் நாட்டில் இப்படி உழைப்பவர்கள் 77 லட்சம் என்றும், 2029-30க்குள் 2.35 கோடி ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் கணக்கிட்டது. இத்தனை பேருக்கும் நான் கேட்பது ஏசி அறை அல்ல, மானியம் அல்ல. 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1956இல் 9ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நிபந்தனையை மாற்றுமுன் முதலாளி 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும்; அதற்கான பட்டியலில் முதல் இனமே கூலி. பின்னி மில் நோட்டீஸ் பலகையில் ஒட்டிய காகிதத்தின் அடியில் ஒரு கையெழுத்து இருந்திருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. டெலிவரி பையனுக்கு மட்டும் அது கிடையாது, ஏனென்றால் அவன் தொழிலாளியே அல்லவாம். பக்கத்துக் கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டத்தில் ஒப்பந்தத்தை மாற்றுமுன் 14 நாள் அறிவிப்பு வேண்டும் என்று எழுதிவிட்டது.

தமிழகத் தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களே, இது உங்களுக்கு. நலவாரியத்தோடு நிற்காதீர்கள். கூலியை மாற்றுமுன் 21 நாள் அறிவிப்பு, ஐடியைப் பூட்டுமுன் எழுத்தில் காரணம், இரண்டின் அடியிலும் ஒரு மனிதரின் பெயர், பதவி, கையெழுத்து. சட்டசபையில் ஒருநாள் போதும், எழுதுங்கள்.